தெரியாமல் எப்படிப் போகும்?

உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும், அதாவது பெண் எடுப்பதும் கொடுப்பதும், இல்லை (மத்தேயு 22:30), அதனால் பரலோகத்தில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாது என்று, இதைப் பற்றி எழுதிய உங்கள் கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஏழு சகோதரரை ஒருவர் பின் ஒருவராகக் கட்டியவள் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவி என்பதுதான், உயிர்த்தெழுதலையே நம்பாத யூதப் பிரிவினரான சதுசேயரின் கேள்வி. கலியாணம் கிடையாது என்றாரே தவிர, மறந்துபோவீர்கள் என்று இயேசு சொல்லவில்லையே! இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த மறுரூப மலையில் சீடர் பேதுரு, அதுவரை பார்த்தே இராத மோசேக்கும் எலியாவுக்கும் பெயர் சொல்லிக் கூடாரம் போடக் கேட்கிறார். உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்த மகதலேனா மரியாள், அவர் 'மரியாளே' என்று கூப்பிட்டதும் கண்டுகொண்டாள். எனக்கு இது ஒன்றே போதும். செத்தபின் ஐசுவரியவான் லாசருவை அடையாளம் கண்ட லூக்கா 16-இன் கதையை உவமை என்பார்கள், அதை வைத்து மல்லுக்கட்ட மாட்டேன்.

எங்கள் கோத்தகிரியில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மழைச்சாரலில் மெழுகுவர்த்தி நிற்காது. அத்தை குடையைச் சாய்த்துப் பிடித்து, மாமா கல்லறையில் பாசியைச் சுரண்டிக்கொண்டே, "அங்க வந்து யாருன்னு கேட்டீங்க, இருக்கு உங்களுக்கு" என்பார்.

எனக்கு இருக்கும் சந்தேகமே வேறு. நடைபாதைத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத பங்காளியையும் அங்கே அடையாளம் தெரியுமே, அதற்கென்ன செய்வது? அதை எழுதுங்கள் ஐயா.