விறகில்லாத ஊரில் எதை எரித்தார்கள்?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 88 வயது. அவருடைய பாட்டி 13 வயதுச் சிறுமியாக, அப்பா அம்மாவோடு குதிரை வண்டியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மேற்குப் பக்கம் வந்து இறங்கியவர். 1893 செப்டம்பர் 16. செரோக்கி அவுட்லெட் என்ற பெரும் நிலப்பரப்பை அன்றுதான் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். நண்பகலில் துப்பாக்கி வெடித்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் ஏறிப் பறந்தார்கள், கால்நடையாகவும் ஓடினார்கள். முதலில் போய்க் கம்பு நட்டவருக்கு 160 ஏக்கர். 'லேண்ட் ரன்' என்றால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இங்கே குடிவந்ததிலிருந்து அந்தக் கதை மேல் எனக்கு ஒரு கண். பெரியவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன், அந்த ஓட்டம் எப்படி இருந்ததாம், பாட்டி என்ன சொன்னார் என்று. அவரும் இரண்டு வாக்கியம் சொல்வார். இரண்டும் பாடப்புத்தகத்தில் இருக்கிற வாக்கியங்கள்தான்.

போன வருடம் அம்மா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். ஒரு சாயங்காலம் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். (இங்கே போர்ச் என்பார்கள், அம்மாவுக்கு அது திண்ணைதான்.) அவர் பாட்டி ஊரின் பழைய போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் புல். மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“விறகே இல்லாத ஊர்ல என்னத்த எரிச்சுப் பொங்குனாங்களாம்? கேளு.”

கேட்டேன். பெரியவர் சிரித்தார். அப்புறம் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

எரித்தது மாட்டுச் சாணம். மேய்ச்சல் மாடுகள் போட்டது, புல்லில் கிடந்தபடியே வெயிலில் காய்ந்தது. பாட்டியும் அவர் தம்பியும் சாக்கை எடுத்துக்கொண்டு பொறுக்கப் போவார்களாம். மழைக்கு முன்னால் பொறுக்கி வீட்டுக்குள் அடுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு அடுப்பு கிடையாது. வீடு என்பதே ஒரு சரிவில் மண்ணைக் குடைந்து, முன்பக்கத்துக்கு மட்டும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிய ஒற்றை அறை. மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் கூரை ஒழுகுமாம். சாணத் தீ நின்று எரியாது, சட்டென்று தீர்ந்துவிடும். ரொட்டி வேகும் வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சாம்பலையும் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஆள் பாட்டிதான். அவர் படிப்பு நின்றது அதனால்தான் என்றார் பெரியவர்.

ஒரு பெண்ணின் படிப்பை விறகுப் பஞ்சம் நிறுத்தியது என்று எந்த ஆவணத்தில் எழுதியிருப்பார்கள்?

இருக்கிறதா என்று தேடியே பார்த்தேன். அமெரிக்கக் குடியேற்ற நிலக் கோப்புகளை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எழுதிக் கேட்டு வாங்கலாம். பெரியவரின் குடும்பக் கோப்பும் வந்தது. ஐந்து வருடம் குடியிருந்ததற்கான சாட்சியம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, வீட்டின் நீள அகலம், எத்தனை ஏக்கர் உழுதது, வேலி எவ்வளவு, கிணறு எத்தனை அடி. எல்லாம் நேர்த்தியாக இருக்கிறது. குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: மனைவி, நான்கு பிள்ளைகள். பெயர்கூட இல்லை. கல்யாணம் ஆகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே நிலம் கேட்க முடிந்தது, அப்படிக் கேட்டவர்கள் நிறையப் பேர். கணவனோடு வந்தவள் மட்டும் காகிதத்தில் ஓர் எண்ணாகத்தான் இருக்கிறாள். அந்த வீட்டின் அன்றாடத்தைத் தலையில் சுமந்தவள் அவள்தான்.

அந்தக் கோப்பிலேயே இன்னொன்றும் கவனித்தேன். வந்த ஏழாவது மாதத்திலேயே கிணறு வெட்டியாகிவிட்டது என்கிறது காகிதம். பாட்டியோ “மூன்று கோடைக்கு ஓடையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் சுமந்தோம்” என்று சாகும் வரை சொன்னாராம். யார் சொல்வது சரி? வாய்மொழி வரலாற்றை நம்பாதவர்கள் உடனே இந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள்: பார், கிழவிக்கு ஞாபகப் பிசகு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிணறு வெட்டியது உண்மையாக இருக்கலாம், தண்ணீர் உப்பாக இருந்திருக்கலாம், கோடையில் வற்றியிருக்கலாம். அல்லது ஏழு மாதமேகூட, தினமும் பீப்பாயோடு போய்வந்த ஒரு சிறுமிக்கு மூன்று கோடையாக மனதில் தங்கியிருக்கலாம். கிணறு எத்தனை அடி என்று தெரிய வேண்டுமானால் காகிதத்தைப் பார்ப்பேன். தண்ணீர் எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டுமானால் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

இதில் ஓக்லஹோமா கொடுத்து வைத்த ஊர். 1936-37இல், பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடே வேலையில்லாமல் தவித்தபோது, வேலை கொடுக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மாநிலம் முழுக்க அனுப்பினார்கள். வேலை இதுதான்: வயதானவர்களிடம் போய் உட்கார்ந்து, எப்படி இங்கே வந்தீர்கள், எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்டு எழுதுவது. ஓக்லஹோமா வரலாற்றுக் கழகமும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையும் சேர்ந்து செய்தன. மஸ்கோகி ஊரில் இருந்து கிராண்ட் ஃபோர்மன் என்ற வரலாற்றாசிரியர் நடத்தினார். 11,000க்கும் மேற்பட்ட நேர்காணல்கள், தட்டச்சில் 45,000 பக்கங்களுக்கு மேல், 112 தொகுதிகள். 'இந்தியன் பயனியர் பேப்பர்ஸ்' என்று பெயர். ('இந்தியன்' என்றால் இங்கே அமெரிக்கப் பூர்வகுடி.) இன்று வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் படிக்கலாம். நான் ராத்திரி ஒன்று படிக்கலாம் என்று திறந்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது.

படிக்கப் படிக்க என்ன ஆயிற்று என்றால், 'ஃபிராண்டியர்', அதாவது குடியேற்றத்தின் எல்லைப்புறம், என்று நான் மனதில் வைத்திருந்த படமே கலைந்துபோயிற்று. அந்த 1893 ஜூலையில்தான் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் பேராசிரியர் சிகாகோவில் புகழ்பெற்ற ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்கரின் சுயசார்பும் தனித்துவமும் இந்த எல்லைப்புற வாழ்க்கையில் உருவானவை, அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது அவர் வாதம். (வாசித்து இரண்டு மாதத்தில் செரோக்கி அவுட்லெட் ஓட்டம்.) அந்தச் சித்திரம் சினிமா வரைக்கும் வந்துவிட்டது: தனி மனிதன், கோடாரி, குதிரை. நேர்காணல்களில் அந்தத் தனி மனிதனை நான் அதிகம் பார்க்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் கடன் வாங்கிய கலப்பை வருகிறது, பிரசவம் பார்க்க ராத்திரியில் வந்த அண்டை வீட்டுக்காரி வருகிறாள், குளிர்க்காய்ச்சல் வருகிறது, அதற்குக் கொயினா வருகிறது.

சாணத்துக்குத் திரும்புகிறேன். அம்மா விடவில்லை. “கை நாறுமே, அப்படியே மாவு பிசைஞ்சாங்களா?” என்றார். பெரியவர் இன்னொரு கதை சொன்னார். பாட்டியின் அம்மா வந்த புதிதில் இரண்டு குச்சியால் கவ்விச் சாணத்தை எடுப்பாராம். அப்புறம் கந்தல் துணியால். அப்புறம் முன்தானைத் துணியின் நுனியால். அப்புறம் வெறுங்கையால் எடுத்துவிட்டுக் கழுவுவார். கடைசியில் கழுவாமலே மாவில் கை வைத்தார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் பருத்திமாரும் எருவும் எரித்தவர்கள்தான் என்று சொல்லச் சொன்னார்.

பிறகு கன்சாஸ், நெப்ராஸ்கா குடியேறிகளின் நினைவுகளைப் படித்தபோது அதே கதை, கிட்டத்தட்ட அதே வரிசையில் இருந்தது. ஆக, இது பெரியவரின் கொள்ளுப்பாட்டிக்கு நடந்ததா? அப்படியே நடந்திருக்காது. ஊர் ஊராகச் சுற்றிய கதை அது. அதற்காக அதைத் தூக்கிப் போட முடியுமா? விறகும் நிலக்கரியும் எரித்த வீடுகளிலிருந்து வந்த பெண்கள், தாங்கள் எவ்வளவு தூரம் இறங்கி வந்தோம் என்பதை அழாமல் சொல்வதற்குக் கண்டுபிடித்த வழி அது. அருவருப்பு எத்தனை படியாகக் கழன்றது என்று எண்ணிச் சொல்கிற கதை. அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு வேறு எங்கே போவேன்?

ஆனால் யார் கேட்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் எந்த நேர்காணலையும் நம்பக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். அதே 1930களில், அடிமை வாழ்விலிருந்து மீண்டவர்களிடமும் இதே அரசுத் திட்டத்தில் கதை கேட்டார்கள். தென் கரோலினாவின் சார்லஸ்டனில் ஒரு மூதாட்டியை ஒரு வெள்ளைக்காரப் பெண் பேட்டி கண்டார். எஜமானர் நல்லவர் என்று வந்தது. அதே மூதாட்டியிடம் ஒரு கறுப்பின ஆணும் போய்க் கேட்டார். சவுக்கடியும் பிரித்து விற்கப்பட்ட குடும்பங்களும் வந்தன. ஒரே வாய், இரண்டு செவி. ஓக்லஹோமாத் தொகுதிகளில் ஒலிப்பதிவு கிடையாது, கேட்டவர் எழுதியதுதான். கேள்வியை அழித்துவிட்டுப் பதிலை மட்டும் தட்டச்சு செய்த பக்கங்கள் நிறைய. எதற்குச் சொன்ன பதில் என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தொகுதிகளை விடாமல் நான் படிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. குடியேறிகளோடு பூர்வகுடிகளும் அதில் பேசுகிறார்கள். மஸ்கோகி மக்களை, வெள்ளையர் கிரீக் என்று அழைத்தவர்களை, 1830களில் அலபாமாவிலிருந்து ராணுவம் வைத்து இங்கே நடத்திக் கூட்டிவந்தார்கள். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் 1937இல் உயிரோடு இருந்தார்கள். பாட்டி சொன்னதைச் சொல்கிறார்கள். உரலில் இடித்த மக்காச்சோளத்தைச் சாம்பல் நீர் சேர்த்துக் காய்ச்சிப் புளிக்கவைத்த சாஃப்கி என்ற கூழைப் பற்றிச் சொல்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதில் ஓர் அகப்பை. நிலம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததையும், அரசு அதைத் துண்டு போட்டு ஆளுக்கு 160 ஏக்கர் என்று சீட்டு கொடுத்ததையும், வேலி வந்ததையும் சொல்கிறார்கள். சிட்டோ ஹார்ஜோ என்ற மஸ்கோகித் தலைவர் 1906இல் டல்சா வந்த செனட் குழுவின் முன் நின்று, பழைய உடன்படிக்கையை நினைவூட்டி, தம் மொழியில் பேசினார். மொழிபெயர்ப்பில் அது பதிவானது. மறு வருடம் ஓக்லஹோமா மாநிலமாகிவிட்டது.

காடு வெட்டிக் கழனி ஆக்கியவரின் கதையும், அந்தக் காடு வீடாக இருந்தவரின் கதையும் ஒரே அலமாரியில், அடுத்தடுத்த தொகுதிகளில் இருக்கின்றன. 'எல்லைப்புறம்' என்ற சொல்லே ஒரு பக்கத்து ஆள் நின்ற இடத்திலிருந்து வைத்த பெயர் என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

பூர்வகுடிகள் சொன்னதை நம்பாமல் விட்டதன் விலை தெரிய வேண்டுமானால் லிட்டில் பிக்ஹார்ன் போதும். 1876இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை பூர்வகுடிகளிடம் அழிந்த அந்தப் போரைப் பற்றி லகோட்டாக்களும் ஷையேன்களும் சொன்னவற்றை, முன்னுக்குப் பின் முரண் என்று பலர் ஒதுக்கினார்கள். 1983இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிய, அடுத்த வருடம் தொல்லியலாளர்கள் இறங்கித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். நெடுநேரம் வீரமாக நின்று போராடினார்கள் என்ற கதையைவிட, படை கலைந்து சிதறியது என்று பூர்வகுடிகள் சொன்னதோடுதான் மண்ணில் கிடந்தது அதிகம் பொருந்தியது. நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நான் கேட்கும் விதம் மாறிவிட்டது. ஓட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. துணி எங்கே உலர்த்துவார்கள், குழந்தை செத்தால் எங்கே புதைத்தார்கள், பாட்டி எதற்குப் பயப்படுவார், இப்படிக் கேட்கிறேன். போனை மேசை மேல் வைத்து, அவர் அனுமதியோடு பதிவு செய்கிறேன். என் கேள்விகளையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். பேச்சு நடுவில் அவர் சும்மா இருக்கிற நேரத்தையும்தான்.

போன மாதம் ஒன்று கேட்டேன். உங்கள் பாட்டி வருவதற்கு முன் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள்?

“யாரும் இல்லை. காலி நிலம் என்றுதான் பாட்டி சொல்வார்.”

பதிவில் அதற்குப் பிறகு நாற்பது விநாடி மௌனம். பிறகு அவராகவே சொன்னார். அப்பா ஏர் ஓட்டும்போது கல்லில் செய்த அம்பு முனைகள் மேலே வருமாம். பாட்டி அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கழுவி, ஒரு காப்பி டப்பாவில் போட்டு வைத்திருந்தாராம். யாரையும் விளையாடத் தொட விடமாட்டாராம். ஏன் என்று இவர் கேட்டதே இல்லை.

டப்பா இப்போது எங்கே என்று கேட்டேன். தங்கை வீட்டுப் பரணில் இருக்கலாம் என்றார். தங்கைக்கு 83 வயது, நான்கு மணி நேரப் பயணம். அம்மா மறுபடி வந்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை மூன்று பேருமாகப் போகிறோம்.