கையெழுத்துப் போட்டவர் எங்கே?

அந்த பால்கனி இடிந்து விழுந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும். படங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து என்னைக் கொதிக்க வைப்பது விழுந்த கொங்கிரீட் இல்லை, அந்தப் படங்களுக்குக் கீழே வந்த கருத்துகள். 'பாஸ் (கட்டட வேலையை எடுத்துச் செய்யும் தலைமை மேசன்) சரியில்லை', 'மேசன் சீமெந்தைக் குறைத்துவிட்டான்'. ஒருவர்கூடக் கேட்கவில்லை: அந்தப் பிளானில் கையெழுத்துப் போட்டவர் எங்கே?

நம் இலங்கையில் இதற்கு அமைப்புகள் இல்லாமல் இல்லை. பொறியியலாளர் நிறுவகத்தின் வேர் 1906 வரை போகிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1976இல் தனிச் சட்டம். ஒப்பந்தகாரர்களையும் கைவினைஞர்களையும் பதிய 2014இன் 33ஆம் இலக்கச் சட்டமும், சிடா என்ற கட்டுமானத் தொழில் அபிவிருத்தி அதிகார சபையும். 2017இல் பொறியியல் பேரவைச் சட்டம் வந்தது. அதே வருடம் மே மாதம்தான் வெள்ளவத்தையில் சவோய் தியேட்டர் பக்கத்தில் அந்தக் கட்டடம் இடிந்தது. அன்று அந்தத் தூசிக்குள் நின்றவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

பெயரைப் பதிவது நல்லதுதான். ஆனால் பதிவில் இருக்கும் அந்த மனிதர் தளத்துக்கு வந்தாரா என்பதை யார் பார்ப்பது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மேல்மாடி எடுத்தபோது ஒரு பொறியியலாளரின் கையெழுத்துக்கென்று தனியாகக் காசு கொடுத்தோம். தூண்களுக்குக் கொங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் அப்பா டேப்போடு ஏறிப் பார்த்தார். பிளானில் தூணின் வளையக் கம்பிகள் ஆறு அங்குலத்துக்கு ஒன்று; கட்டியிருந்தது பத்து அங்குலத்துக்கு. தூண் பாரத்தில் பிதுங்காமல் பிடித்து வைப்பதே அந்த வளையங்கள்தான். பொறியியலாளருக்கு போன் பண்ணினார். 'பாஸிடம் சொல்லுங்கோ ஐயா, அவர் பார்த்துக்கொள்வார்' என்று வைத்துவிட்டார். அப்பாவே நின்று தூண்களை அவிழ்த்துக் கட்டுவித்தார். பீம்களை அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஒன்றரை வருடத்தில் ஒரு பீமில் வெடிப்பு.

முறைப்பாட்டோடு போனோம். ஓர் இடத்தில் 'அவர் எங்கள் அங்கத்தவர் இல்லை' என்றார்கள். இன்னொரு இடத்தில் 'இது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தப் பிரச்சினை, வழக்குப் போடுங்கள்' என்றார்கள்.

'மலிவாகக் கையெழுத்து வாங்கிவிட்டு இப்போது அழுகிறாய்' என்று சிலர் எழுதுவீர்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்க ஆள் இருப்பதால்தானே வாங்கினோம்? டாக்டர் நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டை விற்றால் நோயாளியையா திட்டுவீர்கள்?

'தொழிலைக் கேவலப்படுத்தாதே' என்பவர்களுக்கு: என் தங்கையும் பொறியியலாளர்தான். மழையில் நனைந்து தளத்தில் நின்று கம்பி எண்ணிவிட்டு வருகிறாள். கையெழுத்து விற்பவர்கள் அவளைத்தான் முதலில் கேவலப்படுத்துகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டு போனார். நாற்பது வருடம் இந்த ஊரில் வேலை செய்த மனிதர். 'ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியை மடித்து அலுமாரிக்குள் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை.

பால்கனி கட்டிய அந்த பாஸுக்கு மூன்று பிள்ளைகள். நேற்று முழுக்க பொலிஸில் இருந்தார். பிளானில் கையெழுத்து வைத்தவரின் பெயரை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்த பீமுக்குக் கீழே கட்டில் போட அப்பா இன்றைக்கும் விடுவதில்லை.