கையெழுத்துக்கு ஒரு கையெழுத்தாம்!

எட்டு மாதமாக ஒரு சாமானை விற்கப் பார்க்கிறேன். விரித்த உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டி, அவ்வளவுதான். இந்த எட்டு மாதத்தில் கிளிநொச்சியில் அரை ஏக்கர் காணியை விலை பேசி, உறுதி முடித்து, வேலியும் அடைத்திருப்பேன்.

அது ஒரு பழைய வீடியோ கேம் கசெற். காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் லேபலின் மேல் கறுப்பு மார்க்கரால் கையெழுத்துப் போட்ட கசெற். ரொறன்ரோவில் இருக்கும் என் மாமா ஒரு மண்டபத்தில் இரவுத் துப்புரவு வேலை செய்தவர். அங்கே பழைய கேம்களுக்கென்று ஒரு கண்காட்சி நடந்ததாம். மாமா வேலை தொடங்கும் முன்னரே போய், மேசையில் கிடந்த ஒரு கசெற்றைத் தன் காசில் வாங்கி, வரிசையில் நின்று அந்த மனிதரிடம் நீட்டியிருக்கிறார். மாமாவுக்குக் காண்ட்ராவாவது கத்தரிக்காயாவது. ஆனால் 2003 இல் ஏ9 வீதி வழியாக ஊருக்கு வந்தபோது, நான் அந்த விளையாட்டின் முன்னால் சோறு தண்ணீர் மறந்து கிடந்ததைப் பார்த்தவர். பதினொரு வருடம் அதை நினைவில் வைத்திருந்து 2014 இல் கொண்டுவந்து கையில் தந்தார். இதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைத் திட்ட வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று உங்களுக்கு விளங்காது.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றறி வருவதே தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். 2002 இல் போர்நிறுத்தத்தோடு அந்த ஏ9 பாதை திறந்த பிறகு கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஒரு அண்ணை ஜெனரேட்டர் வைத்து டிவி கேம் கடை போட்டார். ஜப்பானில் 1983 இல் வந்த ஃபமிகொம் பெட்டியைப் பார்த்து யாரோ அடித்த நகல் பெட்டி. ஒரு ஆட்டத்துக்குப் பத்து ரூபாய். காண்ட்ராவில் மூன்றே மூன்று உயிர். முதல் கட்டத்துப் பாலம் வெடிக்கும்போதே ஒன்று போய்விடும். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம் இடம் வலம், பி பொத்தான், ஏ பொத்தான் என்று தட்டினால் முப்பது உயிர் என்று எங்களில் ஒருவன் எங்கிருந்தோ அறிந்து வந்தான். அது அண்ணைக்கு விளங்கிய அன்றே கடைச் சட்டம் மாறி, அரை மணிக்குப் பத்து ரூபாய் ஆனது. அந்தத் தட்டு முறையை 1986 இல் முதன்முதலில் கிராடியஸ் என்ற விளையாட்டில் ஒளித்து வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்று பிறகுதான் வாசித்தேன். விளையாட்டு அவருக்கே கடினமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாகத் தனக்கென்று வைத்தாராம். 2020 இல் இறந்துவிட்டார். புண்ணியவான்.

சரி, மாமா தந்த கசெற்றை ஆசையாகக் கொண்டுபோய் என்னிடம் இருந்த நகல் பெட்டியில் செருகினால், அது உள்ளே போகவே இல்லை. அமெரிக்கக் கசெற்றுக்குச் செருகும் பக்கத்தில் 72 உலோக முனை. ஜப்பான் பெட்டிக்கும் அதைப் பார்த்து அடித்த எங்கள் நகல் பெட்டிக்கும் 60 முனை. அளவும் வேறு. அதனால் பத்து வருடமாக அது அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே சும்மா கிடந்தது.

போன வருடம் மகளுக்கு ஒரு மடிக்கணினி தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் என் போன் திருத்தும் கடைக்கு வந்த ஒரு பொடியன் எனக்கு ஒரு செய்தியைக் காட்டினான். 2021 ஜூலையில் அமெரிக்காவில் சுப்பர் மாரியோ 64 கசெற் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனதாம். டொலர் 300 ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தேன். போனிலிருந்த கணிப்பான் மூச்சு வாங்கியது. அது உறை பிரிக்காத பெட்டி, தரம் பார்த்துப் புள்ளி போட்டுக் கண்ணாடி போன்ற கூட்டுக்குள் அடைத்தது என்பதெல்லாம் செய்தியின் அடியில் இருந்தது. ஆசை பிடித்தவன் அடிவரைக்கும் வாசிப்பானா?

முதல் கரைச்சல் காசு. இணையத்தில் காசு கைமாற்ற உலகம் முழுக்க எல்லோரும் பாவிக்கிற சேவையில் நான் பதிந்து பார்த்தேன். இலங்கையில் இருந்துகொண்டு காசு கட்டலாமாம், வாங்க முடியாதாம். கொடுக்கிற கைக்கு மட்டும்தான் அங்கே மதிப்பு. கடைசியில் மாமாவின் மகன், என் மச்சான், இணைய ஏலத் தளம் ஒன்றில் தன் கணக்கில் ஏலத்துக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னான். ஒரே நிபந்தனை, அப்பாவுக்குத் தெரியக் கூடாது. எனக்கும் அதுவேதான் நிபந்தனை.

படம் எடுத்து, விவரம் எழுதி, சாமான் இருக்கும் இடம் இலங்கை என்று உண்மையைப் போட்டோம். அந்த ஒரு வரியிலேயே பாதிப் பேர் ஓடியிருப்பார்கள். மிஞ்சியவர்கள் கேள்வி கேட்டார்கள். ஐயோ, என்ன கேள்விகள்!

ஒருவர் பெட்டி எங்கே என்று கேட்டார். கசெற் வந்த அட்டைப் பெட்டி, அதற்குள் இருந்த கைநூல், எல்லாம் சேர்ந்தால்தான் முழுமையாம். அண்ணை, எங்கள் குடும்பத்தில் மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழே 2009 இல் எங்கே விழுந்தது என்று தெரியாது. நீங்கள் 1988 ஆம் ஆண்டு அட்டைப் பெட்டி கேட்கிறீர்கள்.

இன்னொருவருக்கு அது வேலை செய்வதை வீடியோவில் காட்ட வேண்டுமாம். 72 முனைப் பெட்டி இருந்தால் நானே காட்டியிருப்பேன். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன், ஒருவரிடமும் இல்லை. அப்படியென்றால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பலகையைக் காட்டு, நகல் இல்லை என்று நிச்சயப்படுத்த வேண்டும் என்றார். அந்தக் கசெற்றின் திருகாணி சாதாரணத் திருகாணி இல்லை, 3.8 மில்லிமீற்றரில் ஒரு தனி வகை. போன் திருத்துகிற என் கடையில் இருபது வகைத் திருப்புளி இருக்கிறது, அது மட்டும் இல்லை. பேனாக் குழாயின் நுனியை நெருப்பில் இளக்கி, திருகாணியின் மேல் அழுத்தி, இறுகியதும் அதையே திருப்புளியாக வைத்துக் கழற்றினேன். படம் அனுப்பினேன். ‘நன்றி, இப்போது வாங்கும் எண்ணமில்லை’ என்று பதில் வந்தது. என் பேனா போனது.

இவையெல்லாம் சில்லறை. பெரிய வியாதி கையெழுத்து.

அது உண்மையான கையெழுத்து என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். அதாவது கையெழுத்துக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் இருக்கின்றன. சாமானை அவர்களுக்கு அனுப்ப வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், காப்புறுதி, போகும் தபால், வரும் தபால். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அதே ஆளின் நிச்சயமான பழைய கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விளையாட்டு வீரருக்கும் நடிகருக்கும் அப்படி ஆயிரம் இருக்கும். எண்பதுகளில் கேம் செய்த ஜப்பானியருக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் அங்கே பல நிறுவனங்கள் வேலை செய்தவர்களின் உண்மைப் பெயரைத் திரையில் போடவே விடவில்லை. பட்டப் பெயரிலும் சுருக்கப் பெயரிலும்தான் வந்தார்கள். பெயரையே மறைத்து வைத்த மனிதனுடைய கையெழுத்துக்கு மாதிரி கேட்டால்?

மாமாவிடம் நேரே கேட்க முடியாதே. மச்சானை விட்டு, பேச்சோடு பேச்சாக, அன்றைக்குப் படம் ஏதாவது எடுத்தீர்களா அப்பா என்று கேட்க வைத்தேன். “படமோ? நான் வேலை உடுப்போடு நின்றனான், மேற்பார்வையாளன் கண்டால் துரத்தியிருப்பான்” என்றாராம்.

எங்களுக்கு அத்தாட்சி புதிதில்லை. வன்னியில் எதற்கும் விதானையிடம், அதாவது கிராம அலுவலரிடம், கடிதம் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் இருக்கிறேன், இது என் வீடுதான், இடிந்ததும் என் வீடுதான் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முத்திரை. பேசாமல் விதானையிடமே போய், மேற்படி கசெற்றில் உள்ள கையெழுத்து எனக்கு நன்கு தெரிந்தவருடையது என்று ஒரு கடிதம் வாங்குவோமா என்றுகூட யோசித்தேன். முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கு எரிகிறது என்பது எங்கள் நம்பிக்கை. அதற்கு இன்றுவரை ஒருவரும் சான்றிதழ் கேட்டதில்லை.

இதில் என்னை உண்மையிலேயே விசராக்கியது வேறொன்று. அத்தாட்சி இல்லையென்றால் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். மதிப்புக் குறையுமாம்! ‘லேபலில் பேனாக் கிறுக்கல்’ என்று அதைச் சேதக் கணக்கில் சேர்க்கிறார்கள். கையெழுத்தே இல்லாத கசெற் முப்பது நாற்பது டொலருக்குப் போகும். கையெழுத்து இருப்பதால் இருபது தருகிறேன் என்று ஒருவர் எழுதினார். மாமா வேலை உடுப்போடு வரிசையில் நின்றது பழுதுக் கணக்கு.

முதல் ஏலம் முடிகிற நேரத்தைக் கனடாவின் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வைத்தான் மச்சான். எல்லோரும் வீட்டில் இருப்பார்களாம். எங்களுக்கு அது திங்கள் விடிய ஐந்தரை. எழும்பிக் குந்தியிருந்தேன். ஒரு கிழமையாக 40 டொலரில் கிடந்தது, கடைசி அரை நிமிடத்தில் மூன்று பேர் பாய்ந்து 212 டொலருக்கு ஏற்றிவிட்டார்கள். மனைவியை எழுப்பிச் சொன்னேன். மடிக்கணினியின் நிறம்வரைக்கும் பேசிவிட்டோம். வென்றவர் நாலு நாள் பேச்சு மூச்சில்லை. ஐந்தாம் நாள், மகன் தெரியாமல் அமத்திவிட்டான், மன்னிக்கவும் என்று ஒரு வரி. எல்லா வீட்டுப் பொடியன்களும் 212 டொலருக்குச் சரியாக அமத்துகிறார்கள். என் வீட்டில் ஒன்று இருக்கிறது, மோட்டார் சுவிட்சை அமத்து என்றால் எழும்பாது.

இரண்டாவது ஏலம் 96 டொலர். தபாலுக்கு 24. மொத்தம் 120. ஏலத் தளம் நூற்றுக்குப் பதின்மூன்று கழித்தது, அதுவும் 120 க்கு. தபால்காரனுக்குக் கொடுக்கிற காசில் இவர்களுக்கு என்ன பங்கு? நான் முத்திரை ஒட்டினால் இவர்கள் ஏன் நக்க வேண்டும்? இந்த முழுக் கதையிலும் ஒழுங்காக நடந்துகொண்டது தபால் கந்தோரில் இருந்த பிள்ளை ஒன்றுதான். சுங்கப் படிவத்தை நிரப்பித் தந்து, என் பொதியைப் பார்த்து, “அண்ணா இது கப்பலேறினால் பிரிஞ்சிடும்” என்று தன்னுடைய ஒட்டு நாடாவாலேயே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

பொதி போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் நாள் முறைப்பாடு. விவரித்தபடி இல்லையாம், கையெழுத்துப் போலியாம். எப்படித் தெரியும் என்று மச்சான் கேட்டால், அந்த ஆள் பெருமையாகப் பதில் எழுதியிருக்கிறான்: பஞ்சில் அற்ககோல் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன், மை கரைந்துவிட்டது, உண்மையான கையெழுத்தென்றால் கரையாது.

அட மடையா! மார்க்கர் மை அற்ககோலில் கரையாமல் இளநீரிலா கரையும்? போன் பலகையில் மார்க்கர் பட்டால் நான் தினமும் அதாலேதான் துடைக்கிறேன். அதைப் போட்ட கை ஜப்பானியன் கையா கரடிப்போக்கு ஆளின் கையா என்று அற்ககோலுக்கு எப்படித் தெரியும்?

தளத்தில் முறையிட்டோம். வாங்கியவர் பக்கம்தான் தீர்ப்பு. 120 டொலரும் திரும்பப் போனது, அனுப்பிய தபால் செலவு என் தலையில், திருப்பி அனுப்புகிற 22 டொலரும் என் தலையில். ஒரு சதம் வராமல் 46 டொலர், ஏறக்குறைய பதினாலாயிரம் ரூபாய், கையைவிட்டுப் போனது. நேற்று பொதி வந்தது. கந்தோர்ப் பிள்ளை சுற்றிய ஒட்டு நாடா இல்லை, ஒரு மெல்லிய உறை மட்டும். உள்ளே என் கசெற். லேபலில் துப்பாக்கியோடு நிற்கிற இரண்டு வீரர்களின் மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், கண் மை கலைந்த மாதிரி. கையெழுத்தின் கடைசி வால் மட்டும் ஓரத்தில் மிஞ்சியிருக்கிறது.

இன்று விடிய மச்சான் ஒரு செய்தி அனுப்பினான். யாரோ ஒருவர் 30 டொலர் தருகிறாராம், மிச்ச மையையும் துடைத்துவிட்டு அனுப்பினால் 35 ஆம். அதற்குக் கீழேயே இன்னொரு வரி. வைகாசிப் பொங்கலுக்கு அப்பா வருகிறார், ரிக்கெற் போட்டாயிற்று, உன் பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரி 72 இலிருந்து 60 க்கு மாற்றுகிற ஏதோ ஒரு அடப்டர் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருக்கிறார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்.