பிளாஸ்டிக் நாற்காலியும் என் கையெழுத்தும்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். எதிர்வரிசையில் மூன்றாவது மனை. மாடி இல்லாத பழைய வீடு, பின்னால் பாதி மனை சும்மா கிடக்கும். அதை இடித்துவிட்டு அங்கே நான்கு வீடுகள் கட்டப் போகிறார்கள், அதற்குத் தோதாக எங்கள் தெருவின் சோனிங்கையே, அதாவது ஒரு மனையில் என்ன கட்டலாம், எத்தனை வீடு கட்டலாம் என்ற விதியையே, மாற்றப் போகிறார்கள் என்று தாள் சுற்றி வந்தது. ‘இந்தப் பகுதியின் தன்மை கெட்டுவிடும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியை நான் ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை. ராத்திரி வீடு திரும்பினால் காரை எங்கே நிறுத்துவது என்ற ஒரே கவலைதான். வாங்கிய பேனாவால் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் நிழல் விழும் என்றார். ஒருவர் சாக்கடை தாங்காது என்றார். மரம் போகும் என்றார் இன்னொருவர். மரத்துக்காகப் பேசியவரே கடைசியில், “அது சரி, நாலு வீடு வந்தா எட்டு கார் வருமே” என்று முடித்தார். யார் எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைதான். அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: நகரத்துக்குள் வீடு கூடுவதை நாம் எதிர்ப்பது பெரும்பாலும் வீட்டுக்காக இல்லை. தெருவோரத்தில் ஒரு கார் நிற்கும் ஆறு மீட்டர் இடத்துக்காக.

அடுத்த கூட்டத்தில் கணக்கோடு பேச வேண்டும் என்று ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கையில் நோட்டோடு இறங்கினேன். தெருவில் மொத்தம் 22 வீடு. தெருவோரம் நின்றவை 31 கார். காலியாக ஐந்து இடம். ‘பார்த்தீர்களா, நிரம்பி வழிகிறது’ என்று எழுதிக்கொண்டேன். திரும்பி வரும்போதுதான் உள்பக்கம் பார்த்தேன். 22 வீட்டில் 19 வீடுகளுக்கு கேட்டுக்குள் காரை நிறுத்த இடம் இருக்கிறது. பலர் ஷெட்டே கட்டியிருக்கிறார்கள். பாதி திறந்திருந்த ஒரு ஷெட்டில் சுருட்டிய பாய்கள், ஒரு தொட்டில், கால் உடைந்த மேஜை. இன்னொன்றில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. என் ஷெட்டில் இரண்டு வருடமாக யாரும் ஏறாத டிரெட்மில் மெஷின் இருந்தது, குடிவந்த நாளிலிருந்து பிரிக்காத மூன்று மூட்டைகள் இருந்தன. கார்? தெருவில். மனுவில் கையெழுத்துப் போட்ட மகானின் கார்தான்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதில் என் சோம்பேறித்தனம் பாதிதான். வெளியே நிறுத்தினால் ஒரு காசு ஆகாது என்றால், உள்ளே இருக்கும் இடத்தை யார் காருக்கு வீணடிப்பார்கள்? தெரு இலவச கிடங்கு. இலவசம் என்று வந்துவிட்டால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பது தெரிந்ததுதானே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

நகராட்சிகள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து, வீட்டுக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்ற விதி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923-லேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இப்படி ஒரு விதி போட்டது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கட்டுபவன் தன் வண்டிக்குத் தானே இடம் வைத்துக்கொள்ளட்டுமே.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தெருவில் மனைக்குச் சுமார் 15 மீட்டர் முகப்பு. தெருவோரம் ஒரு கார் நின்று எடுக்க ஏறக்குறைய ஆறு மீட்டர் வேண்டும். கார் உள்ளே போக கேட் வைத்தால், நடைபாதை ஓரத்தைத் தாழ்த்தி மூன்று நான்கு மீட்டர் விட வேண்டும். அதன் முன்னால் யாரும் நிறுத்தக் கூடாது. முன்பு இரண்டு கார் நின்ற முகப்பில் மிஞ்சும் இடத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் கொள்ளும். ஆக, உள்ளே ஒரு காருக்கு இடம் செய்ய, வெளியே ஒரு காரின் இடம் போகிறது. முன்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்த இடம் இப்போது ஒரு வீட்டுக்கு மட்டும். அந்த வீட்டுக்காரரும் உள்ளே டிரெட்மில்லை நிறுத்திவிட்டு, தன் கேட்டுக்குக் குறுக்கேயே காரை நிறுத்திக்கொள்வார். நான்கு வீட்டுக்கும் தனித்தனி கேட் கேட்டால் அந்த மனையின் முகப்பு முழுக்கத் தாழ்த்திய நடைபாதை ஓரமாகவே ஆகிவிடும். மரம் நட ஒரு முழ இடம் மிஞ்சாது. மரத்துக்காகப் பேசியவர் இந்தக் கட்டாயப் பார்க்கிங் வேண்டும் என்றுதான் சண்டை போட்டார் என்பதுதான் வேடிக்கை.

இடத்தின் அளவையும் பாருங்கள். கார் நிற்க மட்டும் 12, 13 சதுர மீட்டர். திருப்ப, எடுக்க வழியையும் சேர்த்தால் 30 சதுர மீட்டரை நெருங்கும். தனியாள் ஒருவர் சின்னதாக ஒரு வீடு வைத்துக் குடியிருக்கும் அளவு. சின்ன மனையில் நான்கு வீடு என்பது இரண்டாகச் சுருங்குவது பெரும்பாலும் இதனால்தான். காரே இல்லாத குடும்பமும் அந்த இடத்தின் விலையை வாடகையில் சேர்த்துக் கொடுக்கிறது.

இந்த விஷயத்தில் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர், 2025-ல் காலமானார். அவர் சொன்னது மூன்று. கட்டாயப் பார்க்கிங் விதியை எடுங்கள். தெருவோர இடத்துக்கு, எந்நேரமும் ஒன்றிரண்டு காலியாக இருக்கும்படி கட்டணம் வையுங்கள். வரும் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழியுங்கள். மூன்றாவதுதான் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் எங்கோ கஜானாவில் விழுந்தால் எந்தத் தெருவும் ஒத்துக்கொள்ளாது. நம் நடைபாதைக்கும் விளக்குக்கும் வருகிறது என்றால் பேச்சு வேறு.

ஜப்பான்காரர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். 1962-ல் போட்ட சட்டப்படி, காரை நிறுத்த உனக்கு இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். ராத்திரி முழுக்கத் தெருவில் விடவும் கூடாது. அங்கே பொறுப்பு கார் வாங்குபவர் தலையில். சின்ன வீடு கட்டுபவர் தலையில் இல்லை. வீட்டுக்கும் காருக்கும் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். அதனால்தான் டோக்கியோவின் குறுகலான சந்துகளில், துண்டு மனைகளில் வீடு கட்டியும் சந்தில் நடக்க முடிகிறது. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ரயில் அந்த அளவுக்கு இல்லாத ஊரில் இது தண்டனையாகிவிடும்.

சரி, எதிர்ப்பவர்கள் எல்லாரும் என்னைப் போல ஷெட்டில் மூட்டை வைத்தவர்கள்தானா? இல்லை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டு வாசலில் எந்நேரமும் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி, தெருவில், கார் நிற்க வேண்டிய இடத்தில். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். பொது இடத்தில் நாற்காலி போட்டுப் பட்டா எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். உள்ளேயிருந்து எழுபது தாண்டிய ஓர் அம்மா வந்தார். “தம்பி, எனக்குக் கார் இல்ல. காலையில ஒரு நர்ஸ் வரும், சாயங்காலம் ஒரு தடவை வரும், அவருக்கு மருந்து போட. இடம் இல்லேன்னு ரெண்டு தடவை திரும்பிப் போயிடுச்சு.” அவர் என்று சொன்னது உள்ளே படுத்திருந்த கணவரை. என்ன பதில் சொல்வது? நாற்காலியை நானே கொஞ்சம் நேராக்கி வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மாவுக்குத் தேவை வீட்டுக்கு வீடு கட்டாயப் பார்க்கிங் இல்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. தெருவோரத்தை யாராவது நிர்வகித்தால் இது நடக்கும்: குடியிருப்பவர்களுக்கு பெர்மிட், அதில் இரண்டாவது காருக்குக் கூடுதல் கட்டணம், வந்து போகிறவர்களுக்குக் குறுகிய நேர இடம் இரண்டு, உடம்பு முடியாதவர்களின் வாசலுக்குத் தனிக் குறியீடு. இப்போது நிர்வகிப்பது பிளாஸ்டிக் நாற்காலி.

சோனிங்கை மாற்றினால் மறுநாளே தெருவில் கட்டடமாக முளைக்கும் என்ற பயமும் இருக்கிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2018-ல் தீர்மானம் போட்டு, தனி வீடு மட்டுமே என்றிருந்த மனைகளில் மூன்று வீடு வரை அனுமதித்தது. அப்படி வந்த வீடுகள் சொற்பம்தான். பெரிய சாலை ஓரங்களில் அடுக்குமாடிகளும், கட்டாயப் பார்க்கிங்கை எடுத்ததும்தான் அங்கே அதிக வேலை செய்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசியில் கூடுதலாகக் கட்ட வழிவிட்டது. அங்கே நிஜமாகவே ஒட்டு வீடுகள் ஏராளமாக வந்தன. கனடாவின் எட்மண்டன் 2020-ல் பார்க்கிங் விதியை எடுத்தது. 2024 ஜனவரி 1 முதல் சாதாரண மனையிலும் எட்டு வீடு வரை அனுமதித்தது. தெரு நடுவில் எட்டு வீடா என்று அங்கேயும் பெரிய ரகளை. எதுவும் சத்தமில்லாமல் நடக்கவில்லை.

என் கோபம் மாநகராட்சி மீதும்தான். எங்கள் தெருவுக்கு விதியை மாற்றினார்கள். பஸ் வரும் இடைவெளியை மாற்றவில்லை. ஒரு பஸ்ஸை விட்டால் நாற்பது நிமிடம் நிற்க வேண்டிய ஊரில் ‘காரை விடுங்கள்’ என்றால் யார் விடுவார்கள்? தெருவோரத்துக்கு பெர்மிட் வருமா என்று கூட்டத்தில் கேட்டதற்கு, “அது வேற டிபார்ட்மெண்ட்” என்று ஓர் அதிகாரி சொன்னார். அது வேறு டிபார்ட்மெண்ட் ஆக இருக்கும் வரை மனுக்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த நான்கு வீடுகள் வந்துவிட்டன. எட்டு கார் வரும் என்றார்கள், வந்தது ஐந்து. ஒரு வீட்டில் கார் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இடம் கிடைப்பது முன்பைவிடக் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். டிரெட்மில்லை வேண்டும் என்றவருக்குக் கொடுத்துவிட்டு காரை உள்ளே விடுகிறேன். மூன்று மூட்டையில் ஒன்றை இன்னும் பிரிக்கவில்லை.

போன வாரம் மறுபடியும் தாள் வந்தது. மூலை மனையில் ஆறு வீடாம். கொண்டு வந்த நண்பரிடம் பேனாவை வாங்கிக்கொண்டு, “உங்க ஷெட்டுல என்ன சார் இருக்கு?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “பழைய பீரோ ஒண்ணு... அப்புறம் பசங்க சைக்கிள்...” என்று இழுத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.