பிரிபோசிஷனைத் தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் இங்கிலீஷ் நோட்டுகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். கோபமாகத்தான் இதை எழுதுகிறேன். 'ஆன் என்றால் மேலே, இன் என்றால் உள்ளே' என்று போர்டில் எழுதிவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிரிபோசிஷன் வந்துவிடுமா? மேசை மேல் புத்தகம், பெட்டிக்குள் பேனா என்பதைத் தாண்டியதும் அந்தப் பாடம் கைவிட்டுவிடும். 'டிபெண்ட் ஆன்' என்பதில் எது எதன் மேல் இருக்கிறது? 'குட் அட் மேத்ஸ்' என்பதில் அட் எந்த இடத்தைக் காட்டுகிறது?

பிள்ளை என்ன செய்யும், தமிழில் நினைத்து உருபைத் தேடும். 'அவரோடு கல்யாணம்' என்பதால் 'மேரீட் வித்' என்று எழுதும், அங்கே டு வர வேண்டும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' வரும், ஆனால் டிஸ்கஸுக்குப் பின்னால் எதுவுமே வேண்டாம். 'என்னைவிட சீனியர்' என்பது 'சீனியர் தேன் மீ' ஆகிவிடும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, அவற்றுக்கு டு போடுவதுதான் வழக்கம்.

இதற்காகப் பிள்ளையைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. நம் மொழி மட்டும் என்ன? அவன் மேல் கோபம், அவனோடு சண்டை, அவனிடம் பயம், அவனுக்குப் பசி. மேல், ஓடு, இடம், கு எல்லாம் ஏன் அந்தந்த இடத்தில் வந்தன என்று நமக்கு யாரும் விதி சொல்லவில்லை, வீட்டிலும் தெருவிலும் சேர்ந்தே காதில் விழுந்தது, சேர்ந்தே வாயில் வந்தது. இங்கிலீஷையும் அப்படியே சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு நம் ஊர் விஷயமே போதும். 'குறுவை டிபெண்ட்ஸ் ஆன் மேட்டூர் வாட்டர்.' டேம் திறப்பது 'இன் ஜூன்', தேதியோடு சொன்னால் 'ஆன் ஜூன் 12'. தண்ணீர் 'ரீச்சஸ் கல்லணை', நடுவில் டு கிடையாது, அதையே அரைவ் என்று சொன்னால் அட் வேண்டும். நாலு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல வைத்தால் போதும், பிள்ளை அதைத் தன் ஊர்ப் பேச்சாகவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

எதற்குமே காரணம் கிடையாது என்று சொல்லவில்லை. பஸ், ரயில், கப்பல் என்றால் 'கெட் ஆன்', கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்'. நின்று நடக்க இடமுள்ள வண்டிக்கு ஆன் என்று சொல்லிக்கொடுக்கலாம், பெரும்பாலும் சரியாக வரும்.

அப்புறம், டிக்‌ஷனரி. ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஏ. எஸ். ஹார்ன்பி, இந்தச் சிக்கலில் மாட்டுகிற வெளிநாட்டு மாணவர்களுக்காகவே கூட்டாளிகளோடு சேர்ந்து தொகுத்தது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது, இன்றைய அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழிதான். எந்தச் சொல்லோடு எது வரும் என்று அந்தச் சொல்லின் கீழேயே இருக்கும். அர்த்தம் மட்டும் போட்ட சின்ன இங்கிலீஷ்-தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படித் தேறும்? பள்ளி நூலகத்துக்கு இதில் ஒரு பிரதியாவது வாங்கிப்போடுங்கள்.

விடைத்தாள் திருத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'டிஃபரன்ட் ஃப்ரம்' எல்லா இடத்திலும் சரி, 'டிஃபரன்ட் டு' பிரிட்டனில் புழங்குகிறது, 'டிஃபரன்ட் தேன்' அமெரிக்காவில். பிரிட்டிஷ்காரர் 'அட் தி வீக்கெண்ட்' என்பார், அமெரிக்கர் 'ஆன் தி வீக்கெண்ட்' என்பார். அவர்களுக்குள்ளேயே இப்படி இருக்கும்போது, நீடாமங்கலத்துப் பிள்ளை இதில் ஒன்றை எழுதியதற்காக மார்க்கைக் குறைப்பது அநியாயம்.