நாற்பது வேலை தெரிந்த கடிகாரம் எனக்கு வேண்டாம்

மலேசியாவில் எங்கள் ஊரான தெலுக் இந்தானில் கடிகாரத்தைப் பற்றி வாய் திறக்க யாருக்கும் தகுதிச் சான்று தேவையில்லை. 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் ஊர் நடுவே நிற்கிறது. வருகிறவர்கள் அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். அதன் முகத்தில் மணி என்ன என்று பார்க்கிறவர் அரிது. கைக்கடிகாரத்துக்கும் இன்று அதே கதிதான். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கும் பிள்ளைகளிடம் மணி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுப்பார்கள். கையில் இருப்பதற்குச் சார்ஜ் தீர்ந்திருக்கும்.

தோட்டத்திலும் ஆலையிலும் உழைக்கிறவர்களுக்கும், லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்து ஓய்வில் இருப்பவர்களுக்கும், பொத்தான் வைத்த டிஜிட்டல் கைக்கடிகாரத்தைப் போல உதவுகிற பொருள் இந்த விலையில் வேறு இல்லை என்பது என் கட்சி. ஆனால் கடைக்காரர் அடுக்குகிற வேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். கை வேறு வேலையில் இருக்கும்போது எது உதவுமோ, அதற்கு மட்டும் காசு கொடுங்கள். மற்றதெல்லாம் பெட்டியின் மேல் அச்சடிக்கத்தான் பயன்படும்.

செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டு பார்த்தே தலை நரைத்தவன் நான். வெட்டிய குலை யாருக்காகவும் காத்திருக்காது. அடிபட்ட பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும்; அமிலம் ஏற ஏறத் தரமும் விலையும் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்கு வந்தாக வேண்டும் என்று லோரிக்காரர்களை விரட்டுவது அதனால்தான். வந்ததும் முதல் வேலை அவிப்பது. ஸ்டெரிலைசர் என்ற நீண்ட இரும்புக் கலத்துக்குள் குலைகளைத் தள்ளி, ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் 140 பாகை வரை சூடான நீராவியை விடுவோம். ஒரு சுற்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். குறைத்தால் பழம் காம்பை விட்டுக் கழலாது. கூட்டினால் எண்ணெயின் நிறம் கெடும். வடிநீரோடு போகிற எண்ணெயும் அதிகமாகும்.

இயந்திரப் பலகையிலேயே நேரம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஆள் பலகைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருக்க முடியுமா? வால்வைப் பார்க்க வேண்டும், அடுத்த சுற்றுக்குக் குலை தயாரா என்று பார்க்க வேண்டும், நடுவில் தேநீரும் குடிக்க வேண்டும். கைக்கடிகாரத்தில் 90 நிமிடத்தை வைத்து இறங்குமுகமாக ஓடவிட்டால், எங்கே நின்றாலும் இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எண்ணெய்க் கையோடு கைப்பேசித் திரையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த அருமை புரியும். இந்த ஒன்றுக்காகவே நான் டிஜிட்டல் பக்கம் நிற்கிறேன். முள் கடிகாரத்தில் தொடங்கிய நேரத்தை நினைவில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு மூளை அந்தக் கணக்கைச் செய்ய மறுக்கும்.

ஒரு குறையும் உண்டு. ஆலை இரைச்சலில் அந்த 'பீப்' ஒலி எவன் காதிலும் விழாது. சத்தமான இடத்தில் வேலை செய்பவர்களும் காது மந்தமானவர்களும், அலாரம் அடிக்கும்போது மணிக்கட்டில் அதிர்கிற மாடலைத் தேடி வாங்க வேண்டும். அப்படிப்பட்டவை விற்பனையில் இருக்கின்றன. கடைக்காரர் தாமாக எடுத்துக் காட்டமாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது பலரும் ஆசையோடு வாங்குகிற கேசியோ எஃப்-91டபிள்யூ பற்றிச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். 1989இல் வந்தது, இன்றும் மாறாத முகம், பேட்டரி ஏழு ஆண்டு தாங்கும் என்கிறார்கள், விலையோ இரண்டு பேர் நன்றாகச் சாப்பிடுகிற செலவு. நல்ல கடிகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இறங்குமுகமாக எண்ணும் வசதி கிடையாது. அலாரம் ஒன்றே ஒன்று. விளக்கு இடது ஓரத்தில் மின்மினிபோல் எரிந்து பாதி எண்களைத்தான் காட்டும். அதற்கு ஆண்டுக் கணக்கும் தெரியாது. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான். லீப் ஆண்டில் நாமே தேதியைத் திருத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, அதே நிறுவனத்தின் ஏஇ-1200 போன்ற ஒன்றை வாங்கினால் ஐந்து அலாரம், இறங்குமுக எண்ணி, உலக நேரம், பத்து ஆண்டு பேட்டரி எல்லாம் கிடைக்கும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இதே முகத்தோடு கிடைக்கும் போலிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வாங்கியவர்களிடமே கேளுங்கள்.

ஐந்து அலாரம் எதற்கு என்று கேட்பவர் வீட்டில் நோயாளி இல்லை என்று பொருள். எங்கள் தாமானில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் ஒன்று, இரவு இன்சுலின், நடுவில் கண்ணுக்குச் சொட்டு மருந்து. இத்தனையையும் மருமகள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அலாரங்களை ஒருமுறை வைத்துக் கையில் கட்டிவிட்டால் பெரியவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்வார். கைப்பேசியிலும் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். அது பேரன் கையில் விளையாட்டு ஓட்டிக்கொண்டிருக்கும்.

இனி எனக்குப் பிடித்த விஷயம், இரண்டாவது நேரம்; அதாவது இன்னோர் ஊரின் நேரத்தையும் காட்டும் வசதி. 1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்ப மலேசியாவில் பதினொன்றரை மணிக்கு அடுத்த நொடியே நள்ளிரவாகிவிட்டது. சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்க நம் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். (எங்கள் ஊர் தெலுக் ஆன்சன் என்ற பெயரை விட்டதும் அந்த நள்ளிரவில் பிறந்த 1982இல்தான். அந்த ஆண்டு எங்களுக்கு நேரமும் புதிது, பெயரும் புதிது.) சூரியன் மட்டும் அரசாணையைப் படிக்கவில்லை. இங்கே விடிவது ஏழு மணியைச் சுற்றித்தான். உச்சிப் பொழுது ஒன்றேகால் மணி வாக்கில். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். கடிகாரத்தைத் தள்ளியதும், அதே இருட்டுக்குக் கடிகாரம் அரை மணி கூடுதலாகக் காட்டிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டு நாட்காட்டியில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று பார்த்து இங்கே கடைதிறப்பைத் தள்ளிப்போடும் அன்பர்களுக்காகத்தான். அந்தக் கணக்கு ஆறு மணிக்கு விடிகிற ஊருக்கு. பகலை எட்டாகப் பிரித்து இரண்டாவது பங்கை எடுத்தால், நமக்கு அது எட்டரைக்கு மேல்தான் தொடங்கும். நம்புகிறவர்கள் சரியாகவாவது நம்பட்டும்.

ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு இந்தியாவின் இரண்டரை மணி வித்தியாசம் எப்போதும் தொல்லை. கடிகாரம் வாங்கும்போது அதன் இரண்டாவது நேரம் அரை மணிக் கணக்கை ஏற்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடை நேரம்; வித்தியாசம் எட்டிலிருந்து ஏழாகும். விலை குறைந்த கடிகாரத்துக்கு அது தானாகத் தெரியாது. நாம்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வேண்டாதவற்றில் முதலிடம், வானொலி அலையில் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதிக்கு. அந்த அலைகளை ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிலையங்கள் அனுப்புகின்றன. நம் பக்கம் அவற்றின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது தண்டம். சாதாரணக் கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. எஃப்-91டபிள்யூகூட மாதத்துக்கு முப்பது நொடிக்கு மேல் பிசகாது என்று நிறுவனமே உறுதி சொல்கிறது. பஸ் பிடிக்கிறவனுக்கு இது போதாதா? திசைகாட்டி, உயரமானி இரண்டும் மலை ஏறுகிறவர்களுக்கு. எங்கள் ஹீலிர் பேராக் மாவட்டம் முழுக்கச் சமதரை. இங்கே உயரம் என்று அளக்கக் கோபுரம் ஒன்றுதான் இருக்கிறது. கடல் ஏற்றவற்றத்தைக் காட்டும் மாடலை மட்டும் ஊத்தான் மெலிந்தாங் மீனவ நண்பர்களுக்காக விட்டுவைக்கிறேன். அதுவும் ஊரின் கணக்கைச் சரியாக உள்ளிட்டால் தோராயமாகத்தான் காட்டும்.

கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து அழகாக இருக்கும். அந்தி நேரத்தில் படிக்க முடியாது. ஐம்பதைத் தாண்டியவர்கள் வெளிர் திரையும் பெரிய எண்களும் உள்ளதை எடுங்கள். நம் வியர்வையில் ரப்பர்போன்ற பட்டை சில ஆண்டுகளில் துளைப்பக்கம் வெடிக்கும். மாற்றுப்பட்டை கிடைக்கிற மாடலா என்று முதலிலேயே கேளுங்கள். நூறு மீட்டர் நீர்காப்பு என்று எழுதியிருந்தாலும், தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தாதீர்கள். பேட்டரி மாற்றும்போது உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இற்றுப்போயிருந்தால் நூறு மீட்டர் என்பது வெறும் எழுத்து.

ஸ்மார்ட் வாட்ச்சே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தனியாக இருக்கும் பெற்றோர் விழுந்தால் பிள்ளைக்குச் செய்தி அனுப்புகிற வசதி பெரிய காரியம். அதற்கு மட்டும் இந்தச் சின்னக் கடிகாரத்திடம் பதில் இல்லை. ஆனால் அதை மறக்காமல் சார்ஜ் போட யாராவது வீட்டில் இருக்க வேண்டுமே.

கடைசியாக, டிஜிட்டல் கடிகாரம் கட்டும் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். மணிக்கொருமுறை தானாக ஒலிக்கும் அந்த 'பீப் பீப்' வசதியை அணைத்து வையுங்கள். கோவிலில் தீபாராதனை நேரத்தில் நான்கு பக்கத்திலிருந்தும் சில நொடி இடைவெளிவிட்டு அது கிளம்புகிறது. ஒருவர் கடிகாரமும் இன்னொருவர் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரிகிறது. எப்படி அணைப்பது என்று தெரியாதவர்கள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், அணைத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.