தானாக அணைந்தால் உடனே ஃபார்மட் வேண்டாம்

மேலே ஒரு அண்ணா, "பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் வைரஸ்தான், ஃபார்மட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போடு" என்று, இந்தப் பிரச்சினைக்கு வழி கேட்டு எழுதிய சோமனூர்த் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார். மன்னிக்கணுங்கண்ணா, அது சரியில்லை. தம்பி, அவசரப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். வீட்டுப் போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கும்.

முதலில், ஆன் செய்ததும் டெலிட் கீயைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரை) போய் அப்படியே விட்டுவிடுங்கள். சில மதர்போர்டில் எஃப்2 கீ. அங்கே விண்டோஸே ஓடாது. அப்போதும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது. பெரும்பாலான பயாஸில் சிபியு, அதாவது பிராசஸரின் வெப்பமும் தெரியும். 90 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் காரணம் சூடுதான். 100 டிகிரியை ஒட்டிப் போனதும் பிராசஸர் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேல் எல்லை மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

தறி ஓடும் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பல்லடத்தில் எங்கள் வீட்டு மெஷினைத் திறந்தபோது, ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் (பிராசஸர் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை) நடுவே பஞ்சு, மெத்தை மாதிரி அப்பியிருந்தது. ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது, காற்றுதான் உள்ளே போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றினால் பிராசஸர் மேல் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் தடவாமல் மாட்டாதீர்கள்.

சூடு ஏறாமலேயே அணைகிறதா? அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) பார்க்கணும். தெரிந்தவரிடம் ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.